ஏற்கனவே நீதிமன்றம் கொடுத்த இரண்டு டிகிரிகளுக்குப் (தீர்ப்பாணைகளுக்குப்) பணம் கட்டாதவர் மீது மூன்றாவதாக நானும் வழக்குப் போடலாமா?

கேள்வி: இரும்புக்கடை, தாராபுரம்

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்தில் சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்திருக்கிறேன். கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர் ஏழெட்டு வருடங்களாக என்னிடம்தான் சரக்கு எடுத்துவந்தார். தொடக்கத்தில் மாதம் பிறந்ததும் கணக்கை நேர் செய்துவிடுவார். பிறகு அது இரண்டு மாதமாகி, தீபாவளிக்குத் தீபாவளி என்றாகி, கடைசியில் பாக்கி 6,40,000 ரூபாயில் வந்து நின்றது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, அந்தத் தொகைக்கு 12 சதவீத வட்டியுடன் புரோ நோட்டு எழுதி, வருவாய் வில்லை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வரும் ஆடி மாதத்தோடு அந்த நோட்டுக்கு மூன்று வருடம் முடிந்து, அது காலாவதியாகிறது. வரவு எழுதவேண்டிய பின்பக்கம் இன்றுவரை வெள்ளையாகவே இருக்கிறது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பெற்றுக்கொண்டார், பதில் அனுப்பவில்லை. நேரில் போய்க் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உட்காரவைத்து, மோர் கொடுத்து, "கேஸ் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா, நான் தப்பாக நினைக்கமாட்டேன். ஏற்கனவே இரண்டு பேர் டிகிரி வாங்கி வைத்திருக்கிறார்கள், நீங்கள் மூன்றாவது ஆள்" என்றார். விசாரித்துப் பார்த்தால் அது உண்மைதான். ஒரு மரக்கடைக்காரரும் டைல்ஸ் வியாபாரி ஒருவரும் தீர்ப்பு வாங்கி நான்கு வருடங்களாகின்றன. இருவருக்கும் இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

இதில் என் வயிறு எரிவது வேறொரு விஷயத்தால். இதே மனிதர், தான் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வேலைப் பாக்கி தரவில்லை என்று திருப்பூரில் ஒருவர் மீது வழக்குப் போட்டு, வாய்தா தவறாமல் போய்வந்துகொண்டிருக்கிறார். தனக்கு வரவேண்டிய பணத்துக்கு மட்டும் அவருக்கு நீதிமன்றம் வேண்டியிருக்கிறது.

வட்டியோடு சேர்த்தால் என் தொகை எட்டரை லட்சம் வருகிறது. நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம் என்றால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் ஆகும். வக்கீல் கட்டணம் தனி. போன பணத்துக்குப் பின்னால் இருக்கிற பணத்தையும் அனுப்புவதா, அல்லது நோட்டைப் பீரோவில் வைத்துவிட்டுக் கடை வேலையைப் பார்ப்பதா? இந்த வழியில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: விசைத்தறிக்காரன், சோமனூர்

போடாதீர்கள் அண்ணா. நான் நடந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

2008இல் துணி வாங்கிய வியாபாரி ஒருவர் மீது 3,20,000 ரூபாய்க்கு வழக்குப் போட்டேன். அப்போது நீதிமன்றக் கட்டணம் ஏழரை சதவீதம். முதல் நாளே 24,000 ரூபாய் போயிற்று. அவர் வரவில்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாயிற்று. வீட்டில் பாயசம் வைத்தோம். ஆறு மாதம் கழித்து, சம்மன் தனக்குக் கிடைக்கவே இல்லை என்று மனுப் போட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துகொண்டார். வழக்கு மறுபடியும் முதலிலிருந்து நடந்தது. இரண்டாவது முறை தீர்ப்பு வந்தபோது வருடம் 2012. இந்த முறை பாயசம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வழக்கே தொடங்கியது என்று சொல்லவேண்டும். நிறைவேற்று மனுப் போட்டு வீட்டை ஜப்தி செய்யப் போனால், வழக்கு நடந்த காலத்திலேயே அந்த வீட்டை மனைவிக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. லாரி மச்சான் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்புத்தான் இருந்தது. கைது செய்யக் கேட்டு மனுப் போட்டோம். தன்னிடம் வசதி இல்லை என்று எதிர்மனுப் போட்டார். கடைசியில் மாதம் 2,000 ரூபாய் தவணை என்று முடிவாகி, பதினொரு மாதம் கட்டி, பன்னிரண்டாம் மாதம் நிறுத்திக்கொண்டார். எனக்கு வந்த மொத்தத் தொகை 22,000. கட்டணமாக நான் கட்டியதே 24,000 என்பதை மறக்கவேண்டாம். வக்கீலுக்குக் கொடுத்ததையும், வேலையை விட்டு அலைந்த நாள்களையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் ராத்திரி தூக்கம் வராது.

உங்கள் ஆள் மோர் கொடுத்து அனுப்புகிறார் என்றால், அவருக்கு இந்த வழி முழுவதும் மனப்பாடம் என்று பொருள்.

பதில் 2: ஓய்வுபெற்ற அமீனா

நான் முப்பது வருடங்கள் நீதிமன்றத்தில் அமீனாவாக, அதாவது ஜப்தி, கைது வாரண்டுகளை நிறைவேற்றுபவனாக, வேலை பார்த்தவன். ஜப்தி என்றால் என்ன நடக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறேன்.

வாரண்டை எடுத்துக்கொண்டு, டிகிரிதாரரையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போவோம். சூரியன் உதிக்கும் முன்போ மறைந்த பிறகோ வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். போய்ச் சேர்ந்தால் பல வீடுகளில் கதவு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மா, கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பார். எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டால் தெரியாது என்பார். திறந்திருந்தால் உள்ளே போய்ப் பட்டியல் எழுதவேண்டும். சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி ஆகியவற்றைத் தொடக் கூடாது. தாலி போல மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையைத் தொடக் கூடாது. கைத்தொழில் செய்பவரின் கருவியையும், விவசாயியின் உழவு மாட்டையும் தொடக் கூடாது. இவையெல்லாம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருப்பவை. நான் இவற்றைக் குறை சொல்லவில்லை, கடன் வாங்கியவனும் சாப்பிடத்தானே வேண்டும்.

மிச்சம் என்ன இருக்கும்? ஒருமுறை நான்கு லட்சம் ரூபாய் டிகிரிக்கு ஒரு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஒரு பழைய டிவி, ஒரு மர பீரோ, கால் ஆடும் நாற்காலி மூன்று. டிவியில் கை வைத்ததும், அது என் தம்பியுடையது, பில் இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர் ஒரு காகிதத்தைத் தயாராக எடுத்து நீட்டினார். பில்லில் தம்பி பெயர்தான் இருந்தது. பீரோவைத் தூக்குவதற்கு டிகிரிதாரர்தான் வண்டி வாடகையும் ஆள்கூலியும் தரவேண்டும்; அதை ஏலம் வரை வைத்திருக்கும் செலவும் அவருடையதே. அந்த மனிதர் பீரோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேண்டாம் விடுங்கள் என்றார். "ஜப்தி செய்யத்தக்க பொருள் இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பினோம். பேட்டா (வாரண்டை நிறைவேற்றும் கட்டணம்) கட்டிய ரசீதுதான் அவருக்கு மிச்சம்.

கைது விஷயமும் அப்படித்தான். சிவில் சிறையில் வைக்கவேண்டும் என்றால், கைதியின் சாப்பாட்டுப் படியை டிகிரிதாரர் முன்பணமாகக் கட்டவேண்டும். கட்டுவதை நிறுத்தினால் அவரை விட்டுவிடுவார்கள். டிகிரித் தொகை 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அதிகபட்சம் மூன்று மாதம். வெளியே வந்த பிறகு அதே டிகிரிக்காக மறுபடி பிடிக்க முடியாது, ஆனால் கடன் தீர்ந்ததாகாது. பணத்துக்கான டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கடன்காரருக்கு நாமே சோறு போட்டு உள்ளே வைக்கிற ஏற்பாடு இது என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொல்லிச் சிரிப்பார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். முப்பது வருடத்தில் நான் வசூலாகிப் பார்த்த தொகையில் பெரும்பகுதி வீட்டுச் சாமானை ஏலம் விட்டு வந்ததல்ல. நிலத்தைப் பற்றிவைத்து, தமுக்கடித்து, ஏல அறிவிப்பை ஊர்ச்சாவடியில் ஒட்டிய பிறகு, ஏல நாளுக்கு முந்தின வாரம் எங்கிருந்தோ பணம் வந்து சேரும். ஆகவே நிலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பதில் 3: வழக்கறிஞர், கோவை

மேலே இருவரும் சொன்னது அத்தனையும் உண்மை. 1872ஆம் ஆண்டிலேயே, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இந்தியாவில் ஒரு வழக்காடியின் தொல்லைகள் அவர் டிகிரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கின்றன என்று எழுதியது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வழிசெய்யும்படி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த உத்தரவின் பேரில் எண்ணிப் பார்த்தபோது, நாடு முழுவதும் 8,82,000க்கு மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடந்தன. அத்தனை பேரும் வழக்கில் ஜெயித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

கைது பற்றி அமீனா ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பணம் கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது, கட்ட வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுக்கிறார் என்று காட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தார். அது நியாயமான தீர்ப்பு என்பதே என் கருத்து. ஏழையைச் சிறையில் வைத்து எதைக் கறக்க முடியும்? ஆனால் அதன் நிழலில் வசதியுள்ளவர்களும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவருக்கு வசதி இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, வழக்குப் போடாதீர்கள் என்ற சோமனூர் நண்பரின் முடிவோடு நான் மாறுபடுகிறேன். கேள்வி கேட்டவர், எரிச்சலாக இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்ன விஷயம்தான் இதில் முக்கியமானது. திருப்பூர் வழக்கில் உங்கள் ஒப்பந்ததாரர் கேட்பது செய்த வேலைக்கான பாக்கியா, அல்லது நஷ்டஈடா? நஷ்டஈடு கேட்கும் வெறும் உரிமையைப் பற்றுகை (ஜப்தி) செய்ய முடியாது என்று 60ஆம் பிரிவே சொல்கிறது. வேலைப் பாக்கி என்றால் அது அவருக்கு வரவேண்டிய கடன். கடனைப் பற்றுகை செய்யலாம். அவர் அந்த வழக்கில் டிகிரி வாங்கிவிட்டால் இன்னும் வசதி. அதே சட்டத்தின் 21ஆம் கட்டளையின் 53ஆம் விதிப்படி அந்த டிகிரியையே பற்றிக்கொண்டு, அந்தப் பணம் அவர் கைக்குப் போகும் முன் உங்கள் கணக்குக்குத் திருப்பலாம். வீட்டை மனைவி பெயருக்கும் லாரியை மச்சான் பெயருக்கும் மாற்றத் தெரிந்தவர்கள்கூட, தாங்கள் வாதியாக நிற்கிற வழக்கை ஒரு சொத்தாக நினைத்துப் பார்ப்பதில்லை. மரக்கடைக்காரரும் டைல்ஸ்காரரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கு உங்களிடம் டிகிரி இருக்கவேண்டும், அல்லது குறைந்தபட்சம் வழக்காவது நடந்துகொண்டிருக்கவேண்டும். சொத்தைக் கைமாற்றி டிகிரியை ஏமாற்றப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், 38ஆம் கட்டளையின் 5ஆம் விதிப்படி தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்கலாம். நீதிமன்றங்கள் இதை எளிதில் தருவதில்லை. சந்தேகமாக இருக்கிறது என்று ஒருவரியில் பிரமாணப் பத்திரம் போட்டால் தள்ளிவிடுவார்கள். எந்தச் சொத்து, எந்தத் தேதியில், யாருக்கு எழுதப் போகிறார் என்கிற விவரம் வேண்டும். கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் எழுதும் கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்னால் இரண்டு பேர் டிகிரி வாங்கிவிட்டார்கள், அவர்களுக்குப் போக மிச்சம்தான் நமக்கு என்று நீங்கள் நினைக்கலாம். பணத்துக்கான டிகிரிகளில் அப்படி வரிசை இல்லை. ஒரு நீதிமன்றத்துக்குச் சொத்து விற்ற பணம் வந்து சேர்வதற்கு முன் அந்த நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுப் போட்டிருக்கிற எல்லா டிகிரிதாரர்களுக்கும், 73ஆம் பிரிவின்படி அவரவர் தொகையின் விகிதத்தில் பணம் பிரியும். மரக்கடைக்காரர் கஷ்டப்பட்டு ஒரு நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தால், அன்று கையில் டிகிரியும் மனுவும் இருந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு. நோட்டைப் பீரோவில் வைத்திருந்தால், காலாவதியாகிப்போன நோட்டுக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. டிகிரியோ 12 வருடம் உயிரோடு இருக்கும். அதற்குள் அவருடைய தகப்பனார் சொத்து பாகம் பிரியலாம், ஒரு நிலத்தை அரசு எடுத்து இழப்பீடு தரலாம். அவரே இறந்துபோனாலும், அவர் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பதில் சொல்லியாகவேண்டும்.

சோமனூர் நண்பர் விஷயத்தில் அந்தத் தான செட்டில்மென்டோடு கதை முடிந்திருக்கவேண்டியதில்லை. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு எழுதிய பத்திரத்தைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் செல்லாததாக்கக் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது, பணம் வாங்காமல், மனைவிக்கு எழுதிக்கொடுத்தார் என்பதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? ஆனால் அது இன்னொரு நீண்ட நடை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆடி வரை நாளிருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். வியாபாரிகளுக்கு இடையே சரக்கு விற்ற பாக்கி, தொகையும் 3 லட்சத்துக்கு மேல் என்பதால், இது 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்துக்குள் வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வழக்குப் போடும் முன் சமரசப் பேச்சுக்கு விண்ணப்பிப்பது கட்டாயம். அதைச் செய்யாமல் போட்ட வழக்குகளை நீதிமன்றங்கள் வாசலிலேயே நிராகரிக்கின்றன. அந்தப் பேச்சில் கழியும் நாள்கள் காலவரையறையில் சேராது. அவசர இடைக்கால நிவாரணம் உண்மையாகவே தேவைப்படும் வழக்குக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் வக்கீலிடம் இந்த வாரமே போய் இதைக் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் மிரட்டி வாங்கித் தருவார்கள் என்று யாராவது வழி சொல்வார்கள். ஏழெட்டு வருடம் ஒழுங்காக வரவு செலவு நடந்த இடத்தில் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிலைநாட்ட முடியாது. சிவில் கடனை வசூலிக்கக் காவல் துறையைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறது.

பதில் 4: கலிபோர்னியாவிலிருந்து ஒருவர்

நம் ஊர் நீதிமன்றங்கள்தான் இப்படி என்று எண்ணவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். இங்கே முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே.சிம்ப்சன் மீது, கொலையான இருவரின் குடும்பத்தார் தொடுத்த சிவில் வழக்கில் 1997இல் 33.5 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவருக்கு வந்துகொண்டிருந்த கால்பந்து ஓய்வூதியத்தைச் சட்டப்படி தொட முடியவில்லை. குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றும் சட்டமுள்ள புளோரிடாவுக்குக் குடிபோனார். 2024இல் அவர் இறக்கும்வரை அந்தத் தொகையில் மிகச் சிறிய பகுதிதான் வசூலாயிற்று. உலகமே பார்த்த வழக்குக்கே இந்தக் கதி.

அந்தக் குடும்பத்தார் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவில் தீர்ப்பு பத்து வருடம் செல்லும். மேலும் பத்து வருடங்களுக்குப் புதுப்பிக்கலாம். வட்டியும் வருடத்துக்கு 10 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். அவருக்கு எங்கிருந்தாவது ஒரு வருமானம் வருகிறது என்று தெரிந்தால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார்கள். பணத்துக்காக மட்டும் அப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைக்காரர் அண்ணனுக்கு அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை; அவருக்கு வரவேண்டியது சிமெண்ட் பாக்கி. கணக்கைப் பார்த்தே அவர் முடிவெடுக்கலாம்.

பதில் 5: விசைத்தறிக்காரன், சோமனூர்

வழக்கறிஞர் ஐயாவின் சட்ட விளக்கத்தில் நான் குறை காணவில்லை. 2012இல் யாராவது எனக்கு அந்த 53ஆம் பிரிவைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வாய்த்த வக்கீல் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிரிவுக்கு ஒரு மனு, ஒரு மனுவுக்கு ஓர் எதிர்மனு, அதற்கொரு மேல்முறையீடு என்று போகும்போது, ஒவ்வொரு படியிலும் காசு கட்டுவது ஏமாந்தவன்தான். எதிராளிக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அவருடைய பலம். அவருக்கு அதுவும் தீர்ந்துபோனால், மஞ்சள் கடுதாசி நீட்டி ஐ.பி. (திவால் மனு) போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையோடு ஊருக்குள் திரிவார். இதுவும் எங்கள் பக்கம் பார்த்துச் சலித்துப்போன காட்சிதான்.

கடைக்காரர் அண்ணனுக்கு ஒன்று கேட்கிறேன். அந்த ஒப்பந்ததாரருக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? நீதிமன்றக் கட்டணமாக 25,000 கட்டும் முன், வில்லங்கம் பார்க்க ஒரு நாள் செலவழியுங்கள். நான் தீர்ப்பு வந்த பிறகு பார்த்தேன்.

கேள்வி கேட்டவர்: இரும்புக்கடை, தாராபுரம்

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சோமனூர்த் தம்பி சொன்னபடி முதலில் சொத்தைத்தான் தேடினேன். அவர் குடியிருக்கும் வீட்டின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், வீடு அவருடைய மனைவி பெயருக்குச் செட்டில்மென்டாகி ஐந்து வருடங்கள் ஆகின்றன. மரக்கடைக்காரர் வழக்குப் போட்ட வருடமும் அதுதான். எனக்கு நோட்டு எழுதிக்கொடுத்தபோதே அவருக்கு வீடு இல்லை; அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் நாங்கள் நோட்டு எழுதினோம். அவருடைய தகப்பனார் பெயரில் குண்டடம் பக்கம் கொஞ்சம் பூமி இருக்கிறது. பெரியவர் உயிரோடு இருக்கிறார், அது அவர் சுயமாகச் சம்பாதித்தது என்கிறார்கள். அதை நம்பி இறங்க முடியாது.

பிறகு இ-கோர்ட்ஸ் தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். திருப்பூர் வழக்கு வந்தது. வழக்கின் விவரம் தெரிந்த ஒருவர் மூலம் கேட்டதில், அவர் கேட்பது நஷ்டஈடு இல்லை. அளவுப் புத்தகப்படி முடித்த வேலைக்கான பாக்கி, 11 லட்சத்துச் சொச்சம். வீட்டுக்காரர் மூன்றரை லட்சம் தரவேண்டியிருப்பதை எதிர்வாதத்திலேயே ஒப்புக்கொண்டு, மீதியைத்தான் மறுக்கிறாராம். வாதி தரப்புச் சாட்சி முடிந்து, பிரதிவாதி சாட்சிக்கு நிற்கிறது.

மரக்கடைக்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். அவருக்குத் திருப்பூர் வழக்கு தெரிந்திருந்தது. அதைப் பற்றிக்கொள்ள முடியும் என்பது தெரியவில்லை. நான் சொன்னதும், கையிலிருந்த அளவுகோலை மேசை மேல் வைத்துவிட்டு, தம்முடைய வக்கீலுக்கு என் எதிரிலேயே போன் போட்டார். அவருக்கு முதலில் சொல்லிவிட்டது தவறோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் நாலு வருடமாகக் காத்திருக்கிற மனிதரிடம் எதை மறைப்பது?

நான் சமரச விண்ணப்பம் கொடுக்கவா, அல்லது அவசர நிவாரணம் என்று சொல்லி நேரடியாக வழக்கும் ஜப்தி மனுவும் போடவா என்பதில்தான் என் வக்கீலுக்குத் தயக்கம். உங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 6: வழக்கறிஞர், கோவை

மரக்கடைக்காரரிடம் சொன்னதில் தவறில்லை. அவர் கையில் டிகிரி இருப்பதால் இன்றைக்கே அந்தக் கடனைப் பற்றுகை செய்ய மனுப் போட முடியும். நீங்கள் நினைத்தாலும் அவருக்கு முன்னால் போக முடியாது. அவர் போட்டால், அந்த மூன்றரை லட்சம் ஒப்பந்ததாரர் கைக்குப் போய்க் காணாமல் போவதாவது நிற்கும். எனினும் பணம் அவருடைய நீதிமன்றத்துக்கு வந்துசேரும் முன் நீங்கள் டிகிரியோடும் மனுவோடும் அங்கே இருந்தால்தான் விகிதப் பங்கு கிடைக்கும் என்பதால், உங்களுக்கு இனி ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

உங்கள் வக்கீலின் தயக்கம் நியாயமானது. சமரசத்தைத் தவிர்ப்பதற்காக ஒப்புக்கு ஓர் அவசர மனுவைச் சேர்த்தால் நீதிமன்றம் அதைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் நிலை அப்படியில்லை. முந்தைய வழக்கு வந்த வருடமே வீட்டை மனைவிக்கு எழுதியதற்கான பத்திரம் இருக்கிறது, நிறைவேறாத இரண்டு டிகிரிகள் இருக்கின்றன, எந்த மாதமும் சமாதானமாகிக் கைக்கு வந்துவிடக்கூடிய ஒரு தொகை திருப்பூரில் இருக்கிறது. இவற்றைத் தேதியோடு பிரமாணப் பத்திரத்தில் எழுதி, திருப்பூர் வீட்டுக்காரரையும் மனுவில் சேர்த்து, அவர் தரவேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டும்வரை வேறு யாருக்கும் தரக் கூடாது என்று உத்தரவு கேளுங்கள். என்னிடம் வந்திருந்தால் நான் நேரடியாகத்தான் போட்டிருப்பேன். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் எதிர்பாருங்கள். அந்த உத்தரவு அவர் கைக்குப் போன மறுநாள், உங்கள் கடைக்கு அவர் வருவார். இரண்டு லட்சத்தில் முடித்துக்கொள்ளலாம் என்பார். பேசுங்கள், ஆனால் எதையும் வெள்ளைத்தாளில் எழுதி வாங்காதீர்கள். வழக்கு நடக்கும் நிலையில் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைத்து முடித்தால் அது டிகிரிக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது, நீங்கள் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தவணைக்கு ஒப்புக்கொள்வதாக இருந்தால் சொத்துள்ள ஒருவரை ஜாமீனாகக் கேளுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் காசோலை வாங்குங்கள். காசோலை திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றம். அங்கே அவர் மோர் கொடுத்துத் தப்பிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்: இரும்புக்கடை, தாராபுரம்

நேரடியாகவே போடச் சொல்லிவிட்டேன் ஐயா. நோட்டின் அசல், டெலிவரி சீட்டுகள், செட்டில்மென்ட் பத்திரத்தின் நகல் எல்லாம் வக்கீல் கையில் இருக்கின்றன. திங்கட்கிழமை தாக்கல். கட்டணமாகக் கட்டும் இருபத்தைந்தாயிரத்துச் சொச்சத்தையும் கடைக் கணக்கில் அவர் பெயரிலேயே பற்று எழுதியிருக்கிறேன்.